இடுப்பு வலியும் நெஞ்சுப் படபடப்பும்

(ரிவர்ஸ்டன் பகுதித் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி பற்றித் தலைவர் பேசுவார். எங்களை இடுப்பு வலி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "அதுல பேச என்னா டீச்சர் இருக்கு, எல்லாருக்குந்தானே இருக்கு" என்று ஒரு அக்கா உள்ளே வரும்போதே கேட்டுவிட்டார். எல்லோருக்கும் இருப்பதால்தான் இதைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு வந்திருக்கிறோம். இன்னொன்றையும் இதோடு சேர்த்துப் பேச வேண்டும். அதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ராத்திரியில் வரும் பயம், நெஞ்சுப் படபடப்பு.

நம் பக்கத்தில் ஒரு அக்காவை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். மூன்று வருடமாக இடுப்பில் வலி, கால் வரைக்கும் இழுக்கிறது. எக்ஸ்ரே எடுத்தார்கள், "எலும்புல ஒண்ணும் இல்ல" என்றார்கள். மருந்தகத்தில் வெள்ளை மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மலையில் கிலோ குறைந்தது, அரைப் பேர் விழுந்தது. "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னா அப்புறம் என்ன வலி, நடிப்பு" என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதற்குப் பிறகு அந்த அக்காவுக்கு விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை வியர்க்கும். இன்றைக்கு எத்தனை கிலோ வரும், பேர் விழுமா, கிழமைக் கடன்காரர் வந்தால் என்ன சொல்வது என்று ஓடும். பெரட்டுக்குப் போகும் நேரத்தில் இடுப்பு பலகை மாதிரி இறுகிப் போயிருக்கும். அன்றைக்கு இன்னும் வலி, இன்னும் கிலோ குறைவு.

இந்த அக்காவுக்கு நோய் இடுப்பிலா, மனதிலா? இப்படிக் கேட்பதே தப்பு என்பதுதான் இன்றைக்கு எங்களுடைய பேச்சு.

கவ்வாத்துக் கத்தி காலில் பட்டால் வலிக்கும். அந்த வலி நமக்குக் காவல்காரன். காயம் ஆறினதும் அது போய்விடும். மூன்று மாதத்துக்கு மேலும் போகாமல் நிற்கிற வலியை நாட்பட்ட வலி என்கிறார்கள். காயம் ஆறின பிறகும் அது நிற்கலாம். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமலும் நிற்கலாம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். சதை இறுகியதையும் நரம்பு களைத்ததையும் காட்டாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 11ஆவது பதிப்பு 2022இல் நடைமுறைக்கு வந்தது. வேறு காரணம் கண்டுபிடிக்க முடியாத நாட்பட்ட வலியும் தன்னளவில் ஒரு நோய்தான் என்று அதிலே எழுதிவிட்டார்கள். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, அதனால வலி இல்ல" என்று இனி யாராவது சொன்னால், அவர் உலக சுகாதார நிறுவனத்தோடு வழக்குப் பேச வேண்டும்.

பயத்துக்கும் இதே கதைதான். குளவி கூடு கட்டியிருக்கும் மலைக்கு ஏறும்போது வரும் பயம் நல்ல பயம். அது நம்மைக் காப்பாற்றும். குளவியே இல்லாத இடத்தில், வீட்டில் பாயில் படுத்திருக்கும்போதும் அதே பயம் மாதக் கணக்கில் நின்றால், தூக்கமும் சாப்பாடும் வேலையும் கெட்டால், அதை வைத்தியர்கள் பதகளிப்பு நோய் என்கிறார்கள். நம் பேச்சில் படபடப்பு, திகில், "நெஞ்சு படக்கு படக்குங்குது". நாட்பட்ட வலி உள்ளவர்களுக்கு இந்தப் பதகளிப்பு மற்றவர்களை விட அதிகமாக வருகிறது. பதகளிப்பு உள்ளவர்களுக்கு வலியும் அதிகமாக வருகிறது. பல நாடுகளில் பார்த்துக் கண்டது இது.

ஏன் இரண்டும் சேர்ந்து வருகின்றன? இதற்கு ஒரு யுத்தக் கதை இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தில் இத்தாலிய முனையில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க வைத்தியர் வேலை செய்தார். பலத்த காயத்தோடு தூக்கி வரப்பட்ட சிப்பாய்களிடம், வலிக்கு ஊசி போடவா என்று கேட்டார். பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள். புத்தி தெளிவாகத்தான் இருந்தார்கள். இதை அவர் 1946இல் எழுதினார். ஊரில் அதைவிடச் சின்ன வெட்டோடு ஒப்பரேஷன் செய்துகொண்டவர்கள் மருந்து கேட்டு அழுதார்கள். அவர் கண்ட காரணம் இதுதான்: அந்தச் சிப்பாய்க்குக் காயம் என்றால் உயிர் தப்பியாயிற்று, யுத்தத்தை விட்டு வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். ஊர் ஆளுக்கு அதே காயம் என்றால் இனி என்ன ஆகுமோ என்று அர்த்தம்.

நம் அக்காவுக்கு இடுப்பு வலி என்றால் என்ன அர்த்தம்? அரைப் பேர். கடைக் கணக்கு. பிள்ளையின் டியூஷன் காசு. பேர் பதிவு குறைந்தால் லயக் காம்பராவையே கேட்பார்களோ என்ற பயம். சிப்பாயின் காயம் அவனை வீட்டுக்கு அனுப்பியது. நம் ஆளின் வலி வீட்டையே ஆட்டுகிறது. வலி கூடாமல் என்ன செய்யும்?

இது வெறும் பேச்சில்லை, உடம்புக்குள் நடக்கிற வேலை. 1965இல் மெல்சாக், வோல் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். முள்ளந்தண்டு நரம்பில் ஒரு வாசற்கதவு மாதிரி இருக்கிறது. கீழேயிருந்து வரும் வலிச் செய்தி அதைத் தாண்டித்தான் மூளைக்குப் போக வேண்டும். அடிபட்ட முழங்காலை நாம் சட்டென்று தேய்த்துவிடுகிறோமே, அப்போது வலி குறைவதற்குக் காரணம், தேய்ப்பு அந்தக் கதவைக் கொஞ்சம் மூடுவதுதான். மேலேயிருந்து மூளையும் கதவைத் திறக்கும், மூடும். பயம் வந்தால் மூளை கதவை அகலத் திறந்து வைத்து, எங்கேயிருந்து ஆபத்து வரும் என்று காது கொடுத்துக் கேட்கிறது. பிறகு வந்த ஆராய்ச்சிகள் இந்த விளக்கத்தில் பல இடங்களைத் திருத்தியிருக்கின்றன. வலி மூளைக்குப் போகும் வழியில் பயத்துக்கும் கை இருக்கிறது என்ற அடிப்படை அப்படியே நிற்கிறது.

பயந்த உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. கழுத்து, தோள், இடுப்புச் சதை இறுகும். மூச்சு மேலோட்டமாகும். இப்படி ஒரு மணி நேரம் இருந்தால் பரவாயில்லை. ஆறு மாதம் இருந்தால் அந்த இறுக்கமே வலியாகிறது. தூக்கம் கெடுகிறது, தூங்காத ஆளுக்கு அடுத்த நாள் சின்ன வலியும் பெரிதாகத் தெரியும். நாம் தூங்குவது எத்தனை மணி நேரம் என்று இங்கே உட்கார்ந்திருக்கும் அக்காமாரைக் கேட்கத் தேவையில்லை. விறகு, தண்ணீர், ரொட்டி சுடுவது, பிள்ளைகளைக் கிளப்புவது எல்லாம் முடித்துவிட்டுத்தானே பெரட்டுக்கு வருகிறீர்கள்.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. குனிந்தால் வலிக்கும் என்ற பயத்தில் குனிவதை நிறுத்துகிறோம். பிறகு நடப்பதைக் குறைக்கிறோம், கோயிலுக்குப் போவதை விடுகிறோம், கலியாண வீட்டுக்குப் போவதை விடுகிறோம். அசையாத இடுப்பு பலம் இழக்கிறது. அடுத்த தடவை குனியும்போது முன்னை விட வலிக்கிறது, பயம் உண்மை என்று ஆகிவிடுகிறது. வீட்டில் இருப்பவர்கள் "நடிக்கிறா" என்று சொன்னாலும் கெடுதல். பாசத்தில் "நீ அசையாத, படுத்தே இரு" என்று மாதக் கணக்கில் வைத்தாலும் கெடுதல்.

ரிவர்ஸ்டன் காற்று எல்லோருக்கும் தெரியும். டவர் இருக்கும் உச்சியில் மூடுபனியைப் படம் பிடிக்கக் கொழும்பிலிருந்து வேன் வேனாக வருகிறார்கள், நல்லது, வரட்டும். அதே பனியில் ஈரப் படங்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடியோடு, சரிவில் ஒரு காலை மேலேயும் ஒரு காலைக் கீழேயும் வைத்து நிற்கிறோம். குளிரில் சதை இறுகுவது சும்மாவே நடக்கும். பழைய ஆட்கள், ஏலக்காட்டுக்குப் போன தாத்தாமார், இந்தக் குளிரை "எலும்புக்குள்ள இறங்குற காத்து" என்பார்கள்.

மழை ராத்திரி வேறு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகமெங்கும் மண்ணைச் சரித்தது. லயத்துக்குப் பின்னால் மண்மேடு இருக்கும் வீட்டில், கூரையில் மழை விழ ஆரம்பித்தால் யாரும் படுப்பதில்லை. இந்தப் பயத்தை நோய் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அது நியாயமான பயம். அதற்கு மருந்து பாதுகாப்பான வீடு. ஆனால் ராத்திரி முழுக்க விறைத்து உட்கார்ந்திருந்த உடம்பு காலையில் கூடையைத் தூக்கும்போது என்ன ஆகும் என்பதையும் மறக்கக்கூடாது.

பள்ளிக்கூடத்திலும் இதைப் பார்க்கிறோம். காலையில் வகுப்பு தொடங்கும் நேரத்தில் வயிற்று வலி என்று அழும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினொரு மணிக்கு விளையாடப் போய்விடும். பொய் சொல்கிறது என்று நினைப்பது சுலபம். விசாரித்தால் அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும், அல்லது ராத்திரி வீட்டில் சண்டை நடந்திருக்கும். பிள்ளைக்குப் "பயமா இருக்கு" என்று சொல்ல வார்த்தை இல்லை. வயிறு சொல்கிறது. அந்த வலி நிஜமான வலிதான்.

பெரியவர்கள் நாமும் அப்படித்தானே. யாழ்ப்பாணத்தில் யுத்த காலத்தில் மக்களுக்கு வைத்தியம் பார்த்த உளமருத்துவர் தயா சோமசுந்தரம், மனதில் பட்ட அடியை நம் மக்கள் உடம்பு நோவாகவே கொண்டு வந்து சொன்னதை எழுதியிருக்கிறார். தலையிடி, மேல் உளைவு, நெஞ்சு எரிவு. "எனக்குத் துக்கமாக இருக்கிறது" என்று டொக்டரிடம் சொல்ல நாம் பழகவில்லை. இடுப்பு வலி என்றால் துண்டு எழுதுவார்கள். பயம் என்றால் யார் துண்டு எழுதுவார்கள்?

இலங்கையிலேயே நடந்த ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். வைத்தியசாலைக்குத் திரும்பத் திரும்ப வந்து, நோய் எதுவும் பிடிபடாமல் போகிறவர்களைப் பற்றி உளமருத்துவர் அதுல சுமதிபாலவும் அவரோடு இருந்தவர்களும் ஆராய்ந்தார்கள். முதல் ஆய்வு 2000இல் வெளிவந்தது. அவர்களோடு ஒழுங்காக உட்கார்ந்து பேசி, வலியையும் பயத்தையும் எப்படிச் சமாளிப்பது என்று பழக்கினால் துன்பம் குறைகிறது, ஆஸ்பத்திரிக்கு அலைவதும் குறைகிறது என்று கண்டார்கள். 2008இல் வெளிவந்த பெரிய ஆய்வில் ஒரு பகுதியினருக்கு அந்தப் பேச்சுச் சிகிச்சை. மற்றவர்களுக்கு வைத்தியர் நாள் குறித்து வரச்சொல்லி, பொறுமையாகக் கேட்டு, பார்த்து அனுப்பினார். இரண்டு பகுதியினரும் தேறினார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. குறித்த நாளில் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பதே பாதி மருந்து என்று எங்களுக்குத் தோன்றியது.

கேட்பதற்குப் பாஷை வேண்டும். "கொந்த ரிதெனவா" என்று இடுப்பு வலியைச் சிங்களத்தில் சொல்ல நம் எல்லோருக்கும் தெரியும். "விடிகாலையில நெஞ்சு அடைக்குது, கதவைத் தட்டுற சத்தம் கேட்டாலே கை நடுங்குது" என்பதைச் சிங்களத்தில் சொல்ல எத்தனை பேருக்குத் தெரியும்? டொக்டர் நல்லவராகவே இருக்கலாம். அவர் காதில் விழுவது இடுப்பு மட்டும்தான்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். டைக்குளோபெனாக் மாத்திரையைக் கடையில் அட்டை அட்டையாக வாங்கி, வெறும் வயிற்றில், பிளேன்டீயோடு விழுங்கி மலைக்குப் போவது நம் தோட்டங்களில் வழக்கமாகிவிட்டது. அது வயிற்றில் புண் வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிரஷர் உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து. அண்ணன்மார் சிலர் "உடம்பு வலிக்கு" என்று கால் போத்தலைத் திறக்கிறார்கள். சாராயம் தூக்கம் தருவது போலக் காட்டி நடு ராத்திரியில் எழுப்பிவிடும்; விடியும்போது படபடப்பைக் கூட்டும்.

மறுபக்கம், வைத்தியர் நல்ல மருந்து கொடுத்தால் நாம் வீசிவிடுகிறோம். அமிட்ரிப்டிலின் என்று ஒரு மாத்திரை. மனச்சோர்வுக்காக வந்த மருந்து. சின்ன அளவில் நரம்பு வலிக்கும் கொடுக்கிறார்கள், தூக்கத்துக்கும் உதவும். "இது பைத்தியத்துக்குக் குடுக்குறது" என்று பக்கத்துக் காம்பராவில் யாரோ சொல்ல, அடுப்பில் போனது நமக்குத் தெரியும். பைத்தியம் என்ற வார்த்தையை இந்த விஷயத்தில் நாம் வாயில் எடுக்க வேண்டாம். மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வைத்தியரிடமே போய்ச் சொல்லுங்கள். நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், எங்கள் பேச்சைக் கேட்டும் நிறுத்தாதீர்கள்.

சில வலிகளுக்குக் காத்திருக்கவே கூடாது. இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனால், சிறுநீர் போவது கட்டுப்படாமல் போனால் அல்லது நின்றுபோனால், காய்ச்சலோ காரணமில்லாத மெலிவோ இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. நெஞ்சு வலி புதிதாக வந்தால் படபடப்பு என்று நாமே தீர்ப்புச் சொல்லாமல் ஈ.சீ.ஜீ. எடுக்க வேண்டும். இரத்தம் குறைவாக இருந்தாலும் நெஞ்சு படபடக்கும், உடம்பு அசதியாகும். நம் பெண்களிடம் அது நிறைய உண்டு, சோதிக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்றால், திகில் வரும் நேரத்தில் அது எப்படிப் போகும் என்பதையாவது தெரிந்து வைத்துக்கொள்ளலாம். உச்சிக்கு ஏறும், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள், பிறகு இறங்கும். மூச்சை உள்ளே இழுப்பதை விட வெளியே விடுவதை நீட்டினால் இறக்கம் சுலபம்.

வலி உள்ளவர்கள் ஒரு நல்ல நாள் வந்தால் ஒரு வாரத்து வேலையையும் அன்றைக்கே செய்துவிட்டு மூன்று நாள் படுக்கிறார்கள். அது வேண்டாம். நல்ல நாளோ கெட்ட நாளோ, தினமும் ஒரே அளவு நடை. முதல் கிழமை பீலிக்கரை வரைக்கும், அடுத்த கிழமை கோயில் வரைக்கும். தண்ணீர்க் கேனை ஒரு பெரிய கேனாக இல்லாமல் இரண்டு சின்னக் கேனாக இரண்டு கையிலும். வலிக்கும், வலிப்பதெல்லாம் உடைவதில்லை. சரிவில் ஏறும் நமக்கு உடற்பயிற்சி எதற்கு என்று சிரிக்காதீர்கள். வேலை செய்யும்போது உடம்பு ஒரே பக்கமாகத்தான் வளைகிறது.

படபடப்பு மாதக் கணக்கில் நின்றால் ரத்தோட்டை வைத்தியசாலையில் கேளுங்கள், மனநலக் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். போவதற்கு வெட்கமாக இருந்தால் மாதர் சங்கத் தலைவியோ எங்களில் ஒருவரோ கூட வருவோம், பாஷைக்கும் உதவும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் விடியும் வரைக்கும் காத்திருக்காமல் அழையுங்கள், பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள்.

இவ்வளவும் நாம் செய்யக்கூடியது. மூச்சை நீட்டி விடுவதால் கிலோ குறையாது என்று நீங்கள் நினைப்பது எங்களுக்குத் தெரியும். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. அதோடு பல தோட்டங்களில் ஒரு பேருக்கான கிலோவும் ஏறியது. சம்பளத்தைக் கையில் கொடுத்து, பயத்தை முதுகில் ஏற்றினார்கள். பயம் வலியைக் கூட்டும் என்றால், பயத்தை உண்டாக்கும் வேலை முறையும் வலிக்குப் பொறுப்பு. அதனால் இது டொக்டரிடம் மட்டும் போகிற விஷயமாக முடியாது, துரையிடமும் போக வேண்டும்.

நிர்வாகத்திடம் நான்கு விஷயம் கேட்கப் போகிறோம். வைத்தியர் துண்டு உள்ளவருக்கு, பேர் குறையாமல் ஒரு காலத்துக்கு இலேசான வேலை. தேயிலை நிறுக்கும் இடம் மலைக்குப் பக்கத்தில், நிறைந்த கூடையோடு அரை மைல் நடக்காதபடி. வரட்சி மாதத்திலும் கொழுந்து பொங்கும் மாதத்திலும் ஒரே கிலோ கேட்காதிருப்பது. மருந்தகத்தில் மாதத்துக்கு ஒரு நாளாவது தமிழில் கேட்கத் தெரிந்த ஒரு வைத்தியர் அல்லது தாதி. இரண்டாவதுதான் உடனே கிடைக்கக்கூடியது என்பது எங்கள் கணக்கு. அதற்கு ஒரு கொட்டகையும் ஒரு தராசும்தான் செலவு. மூன்றாவதுக்குச் சண்டை நடக்கும்.

வெறும் வாயால் கேட்டால் "எல்லாருக்கும் இடுப்பு வலிதான்" என்று துரையும் சொல்லிவிடுவார். அதனால் ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு கொப்பி கொடுக்கிறோம். மாதர் சங்கத் தலைவி வைத்திருப்பார். ஒரு மாதத்துக்கு எழுதுங்கள்: எந்த நாள், எந்த மலை, நிறுக்கும் இடம் எவ்வளவு தூரம், எத்தனை கிலோ, முழுப் பேரா அரைப் பேரா, வலியால் வேலை நின்றதா, ராத்திரி தூங்கினீர்களா. பெயர் எழுத வேண்டாம், ஒரு இலக்கம் போதும்; யாருடைய தூக்கமும் கங்காணி கண்ணில் பட வேண்டியதில்லை. எழுதத் தெரியாத அம்மாமாருக்கு உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள், அவர்களிடம் பேசிவிட்டோம். அடுத்த கூட்டத்துக்குக் கொப்பி வர வேண்டும். அதை வைத்து முதலில் நிர்வாகத்தோடு பேசுவோம், சரிவராவிட்டால் தொழில் திணைக்களத்துக்குப் போவோம்.

கொப்பிகள் அந்த மேசையில் இருக்கின்றன. பேனைகள் பள்ளிக்கூடத்துடையவை, அடுத்த மாதம் திருப்பித் தாருங்கள்.